பழவேற்காட்டு வானும் மாறும் ஒளியும்

வானில் ஒளி மாறும் பொருள்களில் கண்ணுக்கு எட்டுபவை முக்கியமாக இரண்டு வகை. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, சில மணி நேரத்திலோ பல மாதங்களிலோ ஒளி கூடிக் குறையும் மாறொளிர் விண்மீன்கள் முதல் வகை. இடமும் பெயர்ந்து, உருவமும் மாறி, ஒளியும் மாறும் வால்வெள்ளிகள் இரண்டாவது வகை. இரண்டையும் அளக்கும் வேலை அடிப்படையில் ஒன்றுதான். ஒளி மாறாத அண்டை விண்மீன்களோடு ஒப்பிட்டு, எதைவிட மங்கல், எதைவிடப் பொலிவு என்று பார்த்து, எண்ணாக எழுதிவைக்க வேண்டும். தனித்து நிற்கும் ஓர் அளவீடு அதிகம் சொல்லாது. ஆண்டுக்கணக்கில், பல இடங்களிலிருந்து, இடைவெளி குறைவாகச் சேர்ந்தால்தான் அது விண்மீனின் வரலாறாகும். ஆகவே எங்கிருந்து பார்க்கிறார்கள் என்பது எந்தக் கருவியால் பார்க்கிறார்கள் என்பதற்கு இணையான கேள்வி. சோழமண்டலக் கரை இந்தத் துறைக்குக் கொடுத்தவை தெற்கு வானமும், அமெரிக்கா பகலில் இருக்கும் நேரத்து இரவும் ஆகும்.

விண்மீன்களை ஒளியைக் கொண்டு தரம் பிரிக்கும் வழக்கம் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் காலத்ததாகச் சொல்லப்படுகிறது. மிகப் பொலிவானவை முதல் தரம், அரிதில் தெரிபவை ஆறாம் தரம். அது கண் மதிப்பீடாகவே நெடுங்காலம் இருந்தது. 1856இல் ஆக்ஸ்ஃபோர்டின் ராட்கிளிஃப் வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த நார்மன் ராபர்ட் போக்சன் அதைக் கணக்காக்கினார். ஐந்து தரங்களுக்கு இடையிலான ஒளி வேறுபாடு சரியாக 100 மடங்கு என்று கொண்டால், அடுத்தடுத்த இரு தரங்களுக்கு இடையே 2.512 மடங்கு வரும். இன்று உலகம் முழுவதும் வழங்கும் பொலிவெண் அளவு இதுதான். எண் கூடக்கூட ஒளி குறையும். வானிலேயே பொலிவான விண்மீனான சிரியஸின் பொலிவெண் −1.46, நல்ல இருட்டில் கண்ணுக்குத் தெரியும் கடைசி எல்லை ஏறத்தாழ 6. இந்த அளவை வகுத்த போக்சன் 1861இல் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பேற்க வந்து, 1891இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் நுங்கம்பாக்கத்திலேயே பணிபுரிந்தார்.

சென்னைக்கு வடக்கே ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் பழவேற்காடு ஏரி விரிகிறது. ஏரி நீரைத் தாண்டிச் செல்ல வேண்டிய தீவு மீனவக் கிராமங்களுள் பசியாவரமும் ஒன்று. அதன் அகலாங்கு ஏறத்தாழ 13.4 பாகை வடக்கு. ஆகவே துருவ விண்மீன் அங்கே தொடுவானத்துக்கு மேல் 13 பாகை உயரத்தில்தான் நிற்கும். மறுபக்கத்தில், வானின் தென்முனையைச் சுற்றி 13 பாகை ஆரமுள்ள சிறு வட்டம் மட்டுமே எப்போதும் மறைந்திருக்கும். மற்ற வானம் முழுவதும் ஆண்டில் ஏதேனும் ஓர் இரவில் மேலே வரும். லண்டனிலோ பாரிசிலோ ஒருபோதும் உதிக்காத விண்மீன்கள் இங்கே உதித்து மறைகின்றன. கிழக்கே வங்கக் கடல், மேற்கே ஏரி என்று இரு திசையிலும் தொடுவானம் தாழ்ந்திருப்பது இன்னொரு வசதி. வால்வெள்ளிகள் மிகுந்த பொலிவோடு இருக்கும் நாட்களில் பெரும்பாலும் சூரியனுக்கு அருகே, அந்தியிலோ விடியலிலோ, தொடுவானத்தை ஒட்டியே தெரியும். மரமும் கட்டடமும் மறைக்காத இடம் அப்போதுதான் தன் அருமையைக் காட்டும்.

விண்மீன்களின் ஒளி மாறுவதற்குக் காரணங்கள் பல. சில விண்மீன்கள் விரிந்து சுருங்குகின்றன. 1596இல் டேவிட் ஃபாப்ரிசியஸ் கண்ட மைரா இவற்றுள் புகழ்பெற்றது. ஏறத்தாழ 332 நாட்களுக்கு ஒருமுறை அது வெறுங்கண்ணுக்கு நன்றாகத் தெரியும் நிலைக்கு ஏறி, பிறகு தொலைநோக்கி இல்லாமல் காண முடியாத அளவுக்கு மங்கும். டெல்டா செஃபி என்ற விண்மீன் ஐந்து நாட்களும் சுமார் ஒன்பது மணி நேரமும் கொண்ட சுழற்சியில் துல்லியமாக ஏறி இறங்கும். அந்த வகை விண்மீன்களின் சுழற்சிக் காலத்துக்கும் உண்மையான ஒளிக்கும் தொடர்பு உண்டு என்று ஹென்ரியட்டா லீவிட் 1912இல் நிறுவினார். ஆண்ட்ரோமெடா நம் பால்வெளிக்கு வெளியே உள்ள தனி மண்டலம் என்பதை எட்வின் ஹபிள் காட்டியது அந்தத் தொடர்பை வைத்தே. ஒளி கூடிக் குறையும் நாட்களை எண்ணிவைத்த பொறுமை, அண்டத்தின் அளவைச் சொல்லும் அளவுகோலாயிற்று.

வேறு சில விண்மீன்கள் இரட்டையாகச் சுழல்கின்றன. ஒன்று மற்றொன்றை மறைக்கும்போது நமக்கு வரும் ஒளி குறைகிறது. ஆல்கால் இரண்டு நாள், இருபது மணி, நாற்பத்தொன்பது நிமிடத்துக்கு ஒருமுறை 2.1இலிருந்து 3.4க்கு இறங்கி மீள்வது இப்படித்தான். இன்னும் சிலவற்றில் வெடிப்பு நிகழ்கிறது. வெண்குறுமீன் ஒன்று தன் துணையிடமிருந்து வாயுவை இழுத்துச் சேர்த்துக்கொண்டே வந்து, எல்லை மீறியதும் அந்த அடுக்கு அணுக்கரு வினையில் பற்றிக்கொள்ளும். இதுவே நோவா. தூசியால் மங்குபவையும் உண்டு. திருவாதிரை விண்மீன் வழக்கமாக 0.5 அளவில் இருக்கும். 2019 இறுதியில் அது மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் 1.6 வரை இறங்கியது. அதே விண்மீன் மண்டலத்தில் வழக்கமாக அதைவிட மங்கலாக இருக்கும் பெல்லாட்ரிக்ஸோடு அது சமமாக நின்றதை, பழக்கமில்லாத கண்ணும் கண்டுகொள்ள முடிந்தது. விண்மீன் வெளியே தள்ளிய பொருள் குளிர்ந்து தூசியாகி நம் பார்வையை மறைத்ததே காரணம் என்று பின்னர் தெளிவாயிற்று.

திருவாதிரையையே எடுத்துக்கொண்டு அளக்கும் முறையைச் சொல்லலாம். ரோகிணியின் பொலிவெண் 0.9, பெல்லாட்ரிக்ஸ் 1.6. திருவாதிரை இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரோகிணியிலிருந்து இரண்டு பங்கும் பெல்லாட்ரிக்ஸிலிருந்து மூன்று பங்கும் விலகியிருப்பதாகக் கண்ணுக்குப் பட்டால், 0.7 வேறுபாட்டில் ஐந்தில் இரண்டு பங்கை ரோகிணியின் எண்ணோடு கூட்ட வேண்டும். விடை 1.2. ஜெர்மானிய வானியலாளர் ஆர்கலாண்டர் 1840களில் வகுத்துப் பரப்பிய படிமுறை ஒப்பீட்டின் எளிய வடிவம் இது. பழகிய கண்ணுக்குப் பிழை 0.1 முதல் 0.2 வரை வரும். சிவப்பு விண்மீனை உற்று நோக்கிக்கொண்டே இருந்தால் அது மேலும் பொலிவாகத் தோன்றத் தொடங்கும். எனவே விரைவாகப் பார்த்துப் பார்த்துக் கண்ணை விலக்க வேண்டும். நேற்று எழுதிய எண்ணை இன்று பார்ப்பதற்கு முன் எடுத்துப் படிக்கக் கூடாது என்பதும் விதி. படித்தால், கண் காண்பதை விட்டுவிட்டு மனம் எதிர்பார்ப்பதை எழுதும். விண்மீன் வரைபடங்களில் பொலிவெண்ணின் தசமப் புள்ளியை அச்சிடுவதே இல்லை. அந்தப் புள்ளியை இன்னொரு விண்மீனாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக 1.6 என்பது 16 என்றே இருக்கும்.

சென்னையில் நடந்த வேலை இந்தக் கண் முறையின் பொற்காலத்தைச் சேர்ந்தது. 1786இல் வில்லியம் பெட்ரியின் சொந்த வானாய்வகமாகத் தொடங்கி, 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்ற சென்னை வானாய்வகத்தின் முதன்மைப் பணி விண்மீன்களின் இடத்தை நெடுவரைத் தொலைநோக்கியால் அளப்பது. ஒவ்வொரு விண்மீனின் இடத்தோடு அதன் ஒளியும் குறிக்கப்படும். அப்படிக் குறிக்கும்போதுதான் முன்பு எழுதியதும் இன்று தெரிவதும் பொருந்தவில்லை என்பது வெளிப்படும். போக்சன் தம் வாழ்நாளில் எட்டு சிறுகோள்களையும் இருபதுக்கும் மேற்பட்ட மாறொளிர் விண்மீன்களையும் கண்டுபிடித்தார். 1861 ஏப்ரலில் சென்னையிலிருந்து அவர் கண்ட சிறுகோளுக்கு ஆசியா என்றே பெயர் வைத்தார்.

வானாய்வகத்தின் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டார். நவீன வானியலில் இந்தியர் ஒருவர் செய்த முதல் மாறொளிர் விண்மீன் கண்டுபிடிப்பாக அது மதிக்கப்படுகிறது. இது மைரா வகையைச் சேர்ந்தது. சுமார் 278 நாட்களில் ஏறத்தாழ 6.5க்கும் 14க்கும் இடையே ஏறி இறங்குகிறது. மிகத் தெற்கே இருப்பதால் சென்னையிலும் பழவேற்காட்டிலும் அது எந்நாளும் 14 பாகை உயரத்தைத் தாண்டாது. அந்தத் தாழ்ந்த உயரத்தில், காற்றின் தடித்த படலத்துக்குள்ளாக, மங்கல் விண்மீன் ஒன்றின் மாற்றத்தைப் பிடித்தது எளிய செயல் அன்று. பஞ்சாங்கக் கணிப்பில் ஊறிய குடும்பத்தில் பிறந்த ரகுநாதாச்சாரி, கண்ணால் காண்பதோடு பொருந்தும் திருக்கணித பஞ்சாங்கத்தை வெளியிட்டார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது நாட்டு மொழிகளில் விளக்க நூல் கொண்டுவந்தார். 1872இல் லண்டன் ராயல் வானியல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக்கியது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அவருக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

சென்னை வானம் தந்த இன்னொரு பெரிய கண்டுபிடிப்பு யு ஸ்கார்ப்பி. 1863 மே மாதம் விருச்சிக மண்டலத்தில், முன்பு ஒன்றும் தெரியாதிருந்த இடத்தில், ஒன்பதாம் தர விண்மீன் ஒன்றைப் போக்சன் கண்டார். சில நாட்களில் அது மறைந்தும் போயிற்று. ஒருமுறை வெடித்த நோவா என்றே அது பதிவானது. பின்னர் பழைய ஒளிப்படத் தகடுகளைத் தேடியபோதுதான் 1906இலும் 1936இலும் அதே இடத்தில் வெடிப்பு நிகழ்ந்தது தெரிந்தது. 1979, 1987, 1999, 2010, 2022 என அது திரும்பத் திரும்ப வெடித்துவருகிறது. சுமார் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, பதினெட்டாம் தரத்திலிருந்து எட்டாம் தரத்துக்குச் சில மணி நேரத்தில் தாவும். ஒளி ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு கூடும். மூன்று நாட்களுக்குள் மூன்று தரம் இறங்கியும் விடும். இவ்வளவு விரைவாக மாறும் பொருளை எந்த ஒரு நாட்டிலிருந்தும் முழுதாகப் பின்தொடர முடியாது. ஓரிடத்தில் பொழுது விடிந்ததும் அடுத்த நாட்டில் இருட்ட வேண்டும். இந்திய நெட்டாங்கின் தேவை இங்கேதான் வெளிப்படையாகிறது. பழவேற்காட்டில் இது சுமார் 59 பாகை உயரம்வரை ஏறும். ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை நல்ல கண்காணிப்புக் காலம்.

போக்சனின் வேலையில் ஒரு குறை இருந்தது. மாறொளிர் விண்மீன்களுக்கான பெரிய வரைபட நூல் ஒன்றை அவர் ஆண்டுக்கணக்கில் தயாரித்தார்; அது முடியவே இல்லை. அவர் கண்காணித்த 31 மாறொளிர் விண்மீன்களின் பதிவுகள் அவர் இறந்து பதினேழு ஆண்டுகள் கழித்து, 1908இல்தான் லண்டனில் அச்சேறின. அதற்குள் அமெரிக்காவில் பிக்கரிங் தலைமையில் ஹார்வர்டு வானாய்வகம் ஒளிப்படத் தகடுகளைக் குவித்திருந்தது. உரிய காலத்தில் வெளிவராத அளவீடு தன் பயனில் பாதியை இழக்கிறது.

கண்காணிப்பாளர்களின் பதிவுகளை உடனுக்குடன் ஓரிடத்தில் சேர்க்கும் ஏற்பாட்டை, 1911இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறொளிர் விண்மீன் பார்வையாளர் சங்கம் செய்தது. அதன் தொகுப்பில் இன்று ஐந்து கோடிக்கும் மேற்பட்ட அளவீடுகள் உள்ளன. அவற்றுள் முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டவை வங்காளத்து ஜெசோர் மாவட்டத்தில், அரசுக் கருவூலத்தில் வேலை பார்த்த ராதாகோவிந்த சந்திரா தந்தவை. உயர்கல்வி இல்லாத அவர் 1918இல் அக்விலா மண்டலத்து நோவாவைத் தாமாகவே கண்டார். 1926இல் அந்தச் சங்கம் அவருக்கு ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அனுப்பிவைத்தது. அது பின்னர் வானியலாளர் வைணு பாப்புவின் பொறுப்பில் நைனிதாலுக்கும், அங்கிருந்து தமிழ்நாட்டின் ஜவ்வாது மலைக் காவலூருக்கும் வந்து சேர்ந்தது. சென்னையில் பிறந்து, ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் தந்தையின் அருகே வளர்ந்த பாப்புவும் மாறொளிர் விண்மீன்களை அளந்தே வானியலுக்குள் வந்தவர். 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது அவர் கண்ட வால்வெள்ளி பாப்பு–பாக்–நியூகிர்க் என்று அழைக்கப்படுகிறது.

வால்வெள்ளியின் ஒளி விண்மீனைவிடக் கடினமான கணக்கு. அதன் உட்கரு சில கிலோமீட்டர் அகலமே உள்ள பனியும் தூசியும். சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகி, தூசியோடு சேர்ந்து பல்லாயிரம் கிலோமீட்டர் விரியும் புகைத்தலையாகிறது. பூமியிலிருந்து உள்ள தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். இது எல்லாப் பொருளுக்கும் பொது. ஆனால் சூரியனிலிருந்து உள்ள தொலைவு பாதியானால், வழக்கமான வால்வெள்ளியின் ஒளி நான்கு மடங்கோடு நிற்காமல் பதினாறு மடங்கு வரை, அதாவது மூன்று தரம், கூடும். வெப்பத்தால் பனி மேலும் மேலும் ஆவியாவதே காரணம். இந்த வீதம் வால்வெள்ளிக்கு வால்வெள்ளி வேறுபடும். முதன்முறையாகச் சூரியனை நெருங்குபவை தொலைவிலேயே பொலிந்து, அருகே வரும்போது ஏமாற்றுவதுண்டு. 2013 நவம்பர் 28 அன்று சூரியனை உரசிச் சென்ற ஐசான் அப்படியே சிதைந்துபோயிற்று. எதிர்பாராத எழுச்சியும் நடக்கும். 2007 அக்டோபரில் ஹோம்ஸ் என்ற வால்வெள்ளி இரண்டு நாட்களுக்குள் பதினேழாம் தரத்திலிருந்து மூன்றாம் தரத்துக்கு, ஏறத்தாழ ஐந்து லட்சம் மடங்கு, பொலிந்தது.

அளப்பதில் உள்ள இடர், விண்மீன் புள்ளியாகவும் வால்வெள்ளி பரவலாகவும் இருப்பது. ஒரு பிடி உப்பைக் குவித்துவைத்தால் வெள்ளையாகத் தெரியும். அதே பிடியைப் பாய் முழுவதும் தூவினால் பாயின் நிறம்தான் தெரியும். இதைச் சரிசெய்ய, தொலைநோக்கியின் குவியத்தை மாற்றி ஒப்பீட்டு விண்மீனையும் வட்டமாகப் பரப்புகிறார்கள். குவியத்தில் உள்ள வால்வெள்ளியின் தோற்றத்தை மனத்தில் நிறுத்தி, அதே அகலத்துக்குப் பரப்பிய விண்மீனோடு ஒப்பிடுவது சிட்ஜ்விக் முறை. இரண்டையும் ஒருசேரக் குவியம் விலக்கிப் பார்ப்பது போப்ரோவ்னிகாஃப் முறை. நடுவே செறிந்த வால்வெள்ளிகளுக்கு, இரண்டுக்கும் இடைப்பட்ட மாரிஸ் முறை பொருந்தும். பொலிவெண்ணோடு புகைத்தலையின் அகலம், 0 முதல் 9 வரையான செறிவு எண், வாலின் நீளமும் திசையும், கருவியின் அளவு ஆகியவற்றையும் எழுத வேண்டும். பெரிய தொலைநோக்கியில் புகைத்தலையின் விளிம்பு வானொளியில் கரைந்து, வால்வெள்ளி உண்மையைவிட மங்கலாகத் தோன்றும். ஆகவே முடிந்தவரை சிறிய கருவியே சிறந்தது. பொலிவான வால்வெள்ளிக்கு இருகண்நோக்கி போதும்.

இந்தக் கரைக்கும் வால்வெள்ளிகளுக்கும் பழைய உறவு உண்டு. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் வால்வெள்ளி ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்த இயேசு சபைத் துறவி ழான் ரிஷோ, அருகே இருந்த ஆல்ஃபா சென்டாரி இரட்டை விண்மீன் என்று கண்டார். 1872 நவம்பர் 27 இரவு, சிதைந்துபோன பீலா வால்வெள்ளியின் பாதையிலிருந்து ஐரோப்பா முழுவதும் எரிமீன்கள் பொழிந்தன. பீலா பூமியை உரசிக் கடந்திருந்தால் அது இப்போது தெற்கே சென்டாரஸ் மண்டலத்தில் இருக்க வேண்டும் என்று கணித்த கோட்டிங்கன் வானியலாளர் கிளிங்கர்ஃபியூஸ், அதைத் தேடச் சொல்லிச் சென்னைக்குத் தந்தி அடித்தார். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அந்தப் பகுதி உதிக்காது, அல்லது தொடுவானத்தை ஒட்டியே நிற்கும். போக்சன் டிசம்பர் 2, 3 ஆகிய இரு விடியல்களில் அங்கே ஒரு வால்வெள்ளியைக் கண்டார். அடுத்த நாளிலிருந்து வடகிழக்குப் பருவமழையின் மேகம் மூடிக்கொண்டது. சுற்றுப்பாதையைக் கணிக்கக் குறைந்தது மூன்று இட அளவுகள் வேண்டும். கிடைத்தவை இரண்டு நாட்களுடையவை மட்டுமே. அவர் கண்டது பீலா அல்ல, வேறொன்று என்பது பிற்காலத்து முடிவு. மூன்றாவது விடியல் மட்டும் தெளிந்திருந்தால் கேள்விக்கு அப்போதே விடை கிடைத்திருக்கும்.

ஹாலி வால்வெள்ளி 1910இல் வந்தபோது கொடைக்கானல் வானாய்வகம் ஒளிப்படம் எடுத்தது. 1986 ஏப்ரலில் அது பூமியை நெருங்கிய நாட்களில் தெற்கே −47 பாகை வரை இறங்கியிருந்தது. வட ஐரோப்பாவில் தொடுவானத்துக்குக் கீழே போய்விட்ட அந்த வால்வெள்ளி, பழவேற்காட்டு அகலாங்கில் சுமார் 30 பாகை உயரத்தில் நின்றது.

பழவேற்காட்டுச் சூழலில் அளப்பவர் கணக்கில் கொள்ள வேண்டியவை சில. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை மேகம் தொடர்ச்சியை அறுக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை தெளிவான மாதங்கள். ஆனால் ஏரிக் காற்றின் ஈரம் கண்ணாடி வில்லையில் பனியாகப் படியும். கடல் மட்டத்தில் உச்சி வானத்து விண்மீனே காற்றால் கால் பங்கு தரம் மங்கும். 14 பாகை உயரத்தில் காற்றுப் படலம் நான்கு மடங்காகி, ஒரு தரத்துக்கும் மேல் மங்கச் செய்யும். ஒப்பீட்டு விண்மீன்களையும் அதே உயரத்தில் தேர்ந்தால் இந்தப் பிழை பெருமளவு கழியும். நிலவு பெருத்த இரவுகளில் மங்கல் விண்மீன்களும் புகைத்தலையின் விளிம்பும் மறையும். அமாவாசையை ஒட்டிய நாட்கள்தான் இதற்கு உரியவை. இயற்கையின் இந்தத் தடைகளுக்கெல்லாம் வழி உண்டு. செயற்கை வெளிச்சத்துக்குத்தான் எளிதில் வழியில்லை. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் சென்னை நகரமும் இருப்பது தெற்கே. ஆர் ரெட்டிகுலியும், 1843இல் சிரியஸுக்கு அடுத்தபடியாகப் பொலிந்த ஈட்டா கரினாவும், தெற்கு வால்வெள்ளிகளும் தெரிய வேண்டிய திசையும் அதுவே. இந்தக் கரைக்குத் தனிச்சிறப்பாக இருந்த தெற்கு வானமே முதலில் பறிபோகிறது. விளக்குகளின் ஒளி மேலே சிந்தாமல் தரையை நோக்கிக் கவிழ்த்து மூடுவது செலவு குறைந்த திருத்தம். அதைச் செய்யாமல் விடுவதற்குத் தக்க காரணம் எதுவும் இல்லை.

கருவிகள் கண்ணை வெகுவாகத் தாண்டிவிட்டன. காவலூரில் 1977 மார்ச்சு 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்த வேளையில், அந்த விண்மீனின் ஒளி எதிர்பாராமல் சட்டென்று குறைந்து மீண்டதை ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பதிவு செய்தனர். யுரேனஸின் வளையங்கள் உலகுக்குத் தெரியவந்த இரவு அது. பழவேற்காடு ஏரிக்கு அப்பால் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட், புற ஊதாவிலும் எக்ஸ் கதிரிலும் விண்மீன்களின் ஒளி மாற்றத்தை நொடியின் நுண்பகுதிகள் வரை அளந்தது. சாதாரண ஒளிப்படக் கருவியையே முக்காலியில் நிறுத்தி, எடுத்த படத்தின் பச்சை நிறத் தரவை மட்டும் கணினியில் அளந்தால் 0.02 தரம் வரையான துல்லியம் கிடைக்கிறது.

இருந்தும் பெரிய ஆய்வுத் தொலைநோக்கிகளால் முடியாத வேலை மிச்சமிருக்கிறது. மங்கல் பொருள்களுக்காகக் கட்டப்பட்ட அவற்றின் உணரிகள் திருவாதிரை, கேட்டை போன்ற பொலிவான விண்மீன்களில் நிறைந்து வழிந்துவிடுகின்றன, அளவு கிடைப்பதில்லை. அந்தியில் சூரியனை ஒட்டித் தெரியும் வால்வெள்ளியை நோக்கி அவற்றைத் திருப்புவதும் அரிது. 1866இலும் 1946இலும் வெடித்து வெறுங்கண்ணுக்கே தெரிந்த டி கரோனே போரியாலிஸ் மீண்டும் வெடிக்கும் என்ற எதிர்பார்ப்பில் உலகம் முழுவதும் அதைக் கண்காணிக்கிறார்கள். வழக்கமாகப் பத்தாம் தரத்தில் இருக்கும் அது, வெடித்தால் சில மணி நேரத்தில் இரண்டாம் தரத்துக்கு ஏறி, ஒரு வாரத்தில் கண்ணுக்கு மறையும். பசியாவரத்தில் மே, ஜூன் மாத இரவுகளில் அது ஏறத்தாழ 77 பாகை உயரத்துக்கு, உச்சி வானை ஒட்டியே வருகிறது. எந்த நகரின் வெளிச்சமும் அங்கே எளிதில் எட்டாது. ஏறும் அந்தச் சில மணி நேரம் இந்திய இரவில் அமைந்தால், அதன் முதல் அளவீடுகள் இந்த நெட்டாங்கிலிருந்துதான் வர முடியும்.